தானாக ரீஸ்டார்ட் ஆகும் பழைய லேப்டாப்: பழுது எங்கே என்று கண்டுபிடிப்பது எப்படி?

பழைய லேப்டாப் வேலைக்கு நடுவே தானாக ரீஸ்டார்ட் ஆக ஆரம்பித்தால், பலரும் முதலில் விண்டோஸை அழித்துவிட்டு மறுபடி ஏற்றுகிறார்கள். அதற்கும் கேட்கவில்லை என்றால் புது ரேம் வாங்குகிறார்கள். எப்போதாவது இது பலிக்கும். பலிக்காதபோது ஃபைல்களும் போய், பணமும் போய், லேப்டாப் மட்டும் பழையபடியே ரீஸ்டார்ட் ஆகிக்கொண்டிருக்கும்.

இந்தப் பழுதைச் சரிசெய்வது பெரும்பாலும் சின்ன வேலைதான். எது பழுது என்று கண்டுபிடிக்கத்தான் பொறுமை வேண்டும். சூடு, கரண்ட், ரேம், டிஸ்க், டிரைவர் (பாகங்களை இயக்க விண்டோஸுக்கு உதவும் மென்பொருள்) என ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத கோளாறுகள் எல்லாம் வெளியே ஒரே மாதிரிதான் தெரியும். ஆகவே பாகங்களை மாற்றிப் பார்ப்பதைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு, ஒவ்வொரு சோதனையிலும் சந்தேகப் பட்டியலில் பாதியைக் கழித்துக்கொண்டே வர வேண்டும். கீழே வரும் மெனு பெயர்கள் விண்டோஸ் 10, 11 ஆகியவற்றுக்கு உரியவை.

தொடங்கும் முன் முக்கியமான ஃபைல்களை வெளி டிஸ்க் ஒன்றில் காப்பி எடுத்துவிடுங்கள். டிஸ்க்கில் எழுதிக்கொண்டிருக்கும்போது சிஸ்டம் அறுந்தால் ஃபைல்கள் சிதையும். இனி செய்யப்போகும் சோதனைகளில் பாதி, லேப்டாப்பை வேண்டுமென்றே ரீஸ்டார்ட் ஆக வைப்பவை. இன்னொன்று: இந்த நிலையில் பயோஸ் (ஆன் செய்ததும் முதலில் ஓடும், மதர்போர்டிலேயே இருக்கும் மென்பொருள்) அப்டேட் செய்யவே கூடாது. அப்டேட் பாதியில் இருக்கும்போது ஒருமுறை ரீஸ்டார்ட் ஆனால் மதர்போர்டே எழாமல் போகலாம். "எதற்கும் பயோஸை அப்டேட் பண்ணிப் பாருங்கள்" என்ற அறிவுரை எங்கும் கிடைக்கும்; பழுது தீர்ந்த பிறகு வேண்டுமானால் செய்துகொள்ளலாம்.

மூன்று வகை ரீஸ்டார்ட்

முதல் வகையில் ஏதோ ஒரு ப்ரோக்ராம் முறைப்படி கேட்டு, விண்டோஸ் ரீஸ்டார்ட் செய்கிறது. அப்டேட்டுக்காக நடப்பது இதுதான். இரண்டாவதில் விண்டோஸின் மையப் பகுதியான கெர்னல் சமாளிக்க முடியாத பிழையில் மாட்டிக்கொண்டு, நீலத் திரையைக் காட்டிவிட்டுத் தானே ரீஸ்டார்ட் செய்கிறது. மூன்றாவதில் விண்டோஸுக்கு எதுவுமே தெரியாது. அடியில் மின்சாரம் நின்றிருக்கும், அல்லது ப்ராசசர் ரீசெட் ஆகியிருக்கும்.

இரண்டாவது வகையை மூன்றாவது என்று தவறாக நினைக்க விண்டோஸே வழிசெய்கிறது. நீலத் திரை வந்ததும் தானாக ரீஸ்டார்ட் செய்யும்படிதான் அது அமைக்கப்பட்டிருக்கிறது. திரை வந்த வேகத்தில் மறைந்துவிடுவதால் பலர் அதைப் பார்ப்பதே இல்லை. முதலில் இதை நிறுத்துங்கள். ஸ்டார்ட் மெனுவில் "அட்வான்ஸ்டு சிஸ்டம் செட்டிங்ஸ்" என்று தேடித் திறந்து, ஸ்டார்ட்அப் அண்ட் ரிக்கவரி பகுதியில் செட்டிங்ஸ் பட்டனை அழுத்தி, "ஆட்டோமேட்டிகலி ரீஸ்டார்ட்" என்பதில் இருக்கும் டிக்கை எடுத்துவிடுங்கள். இனி விண்டோஸ் விழுந்தால் நீலத் திரை அப்படியே நிற்கும். டிக்கை எடுத்த பிறகும் நீலத் திரை வராமல் ரீஸ்டார்ட் ஆனால், பெரும்பாலும் ஹார்டுவேர்தான்.

முழுக்க அணைந்துபோவதையும் ரீஸ்டார்ட் ஆவதையும் கூடப் பிரித்துக் கவனியுங்கள். ப்ராசசரின் சூடு தாங்கும் எல்லையைத் தாண்டினால் அது கொடுக்கும் சிக்னலில் மதர்போர்டு மின்சாரத்தையே துண்டித்துவிடும். லேப்டாப் அணைந்து, அணைந்தபடியே கிடக்கும். உடனே ஆன் செய்தால் முன்னைவிடச் சீக்கிரம் அணையும். அணையாமல் நேராக லோகோ திரைக்குத் தாவினால் சந்தேகம் மின்னழுத்தம், ரேம், டிரைவர் பக்கம் சாய வேண்டும். இது கறாரான விதி இல்லை. ஆனால் எங்கிருந்து தொடங்குவது என்பதற்கு இது போதும்.

லாக் என்ன சொல்கிறது

ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து, விண்டோஸின் பதிவேடுகளான லாக்குகளைக் காட்டும் ஈவன்ட் வியூவரைத் திறந்து, இடப்பக்கம் விண்டோஸ் லாக்ஸ், அதனுள் சிஸ்டம் என்று போங்கள். வலப்பக்கம் "ஃபில்டர் கரன்ட் லாக்" அழுத்தி, ஈவன்ட் எண்ணுக்கான கட்டத்தில் 41, 1074, 6008, 1001, 18 என்று காற்புள்ளி போட்டு அடியுங்கள். ஆயிரக்கணக்கான வரிகளிலிருந்து நமக்கு வேண்டியவை மட்டும் நிற்கும்.

1074 இருந்தால், ரீஸ்டார்ட் முறைப்படி நடந்தது; எந்த ப்ரோக்ராம் கேட்டது என்ற பெயரும் அதிலேயே இருக்கும். விண்டோஸ் அப்டேட் என்றால் ஆக்டிவ் ஹவர்ஸ் நேரத்தை மாற்றிக்கொள்ளுங்கள், வேலை முடிந்தது. 6008 என்பது முந்தைய ஷட்டவுன் எதிர்பாராதது என்ற குறிப்பு. அதன் வாசகத்துக்குள் இருக்கும் நேரம்தான் லேப்டாப் விழுந்த நேரம். 41 பதிவாகும் நேரமோ மறுபடி எழுந்த பிறகான நேரம். 1001 என்பது நீலத் திரை வந்ததற்கான குறிப்பு.

எல்லோரும் பார்த்துப் பயப்படும் "கெர்னல்-பவர் 41" தன்னளவில் எதையும் நிரூபிப்பதில்லை. "போன தடவை முறையாக அணைக்கப்படவில்லை" என்பது மட்டுமே அதன் பொருள். பெயரில் பவர் இருப்பதால் சார்ஜர் பழுது என்று முடிவுகட்டிவிடாதீர்கள். பயனுள்ள விஷயம் உள்ளே இருக்கிறது. அந்த வரியைத் திறந்து டீடெய்ல்ஸ் தாவலுக்குப் போனால் "பக்செக்கோட்" என்று ஒரு எண் இருக்கும். அது 0 என்றால், விண்டோஸ் எதையும் பதிவுசெய்ய நேரம் கிடைக்காமலே விழுந்திருக்கிறது: மின்சாரம், சூடு, மதர்போர்டு. 0 அல்லாத எண் என்றால் நீலத் திரை வந்திருக்கிறது. அதற்கு ஒரு விலக்கு உண்டு. டிஸ்க்கே தொடர்பிலிருந்து விழுந்துவிட்டால் பிழை விவரத்தை எழுத இடமில்லாமல் அங்கேயும் 0 பதிவாகலாம். அதனால் 0 வந்தாலும் டிஸ்க்கைப் பட்டியலிலிருந்து உடனே நீக்காதீர்கள்.

பக்கத்திலேயே பவர் பட்டன் டைம்ஸ்டாம்ப் என்று ஒரு வரி இருக்கும். அதில் 0-க்குப் பதில் நீளமான எண் இருந்தால் பவர் பட்டன் அழுந்தியிருக்கிறது என்று பொருள். யாரும் தொடவில்லை என்றால், பட்டன் சிக்கிக்கொள்கிறதா என்று பாருங்கள். விசைப்பலகையோடு சேர்ந்த பவர் பட்டன் உள்ள மாடல்களில் தேநீர் சிந்தியதன் பின்விளைவாக இப்படி நடப்பதுண்டு.

பக்செக்கோட் இங்கே சாதாரண பத்தடிமான எண்ணாக இருக்கும். நீலத் திரை பற்றிய பட்டியல்களில் பதினாறடிமானத்தில் இருக்கும். அதனால் தேடும்போது பொருந்தாமல் குழப்பும். கால்குலேட்டரில் ப்ரோக்ராமர் முறைக்கு மாற்றினால் இரண்டும் கிடைக்கும். அடிக்கடி வருபவை இவை. 292 என்றால் ப்ராசசரே ஹார்டுவேர் பிழையைத் தெரிவித்திருக்கிறது. சூடு, மின்னழுத்தம், ப்ராசசர், போர்டு ஆகியவை சந்தேகத்துக்குரியவை, கூடவே லாக்கில் 18 என்ற வரியும் இருக்கலாம். 26, 80 இரண்டும் நினைவகப் பிழைகள். ரேமில் தொடங்குங்கள், ஆனால் மோசமான டிரைவரும் இவற்றைக் கொண்டுவரும். 122 என்றால் டிஸ்க்கிலிருந்து படிக்க முடியவில்லை. 278 கிராஃபிக்ஸ். 159, ஸ்லீப்புக்குப் போகும்போதோ எழும்போதோ ஏதோ ஒரு டிரைவர் ஒத்துழைக்காதது. பத்து ரீஸ்டார்ட்டில் பத்தும் ஒரே எண் என்றால் பெரும்பாலும் ஒரு டிரைவர் அல்லது ஒரு பாகம். ஒவ்வொரு தடவையும் வேறு வேறு எண் என்றால் ரேமையும் மின்சாரத்தையும் நம்பாதீர்கள்.

பெட்டியைத் திறக்காமல் இரண்டு சோதனைகள்

முதல் சோதனை, பழுது விண்டோஸுக்கு உள்ளேயா வெளியேயா என்று பிரிப்பது. உபுண்டு, மின்ட் போன்ற லினக்ஸ் ஒன்றை 8 ஜிபி பென் டிரைவில் ஏற்றி, இன்ஸ்டால் செய்யாமல் அதிலிருந்தே லேப்டாப்பை ஓட்டுங்கள். ஆன் செய்யும்போது எஃப்12, எஃப்9, எஸ்கேப் ஆகியவற்றில் உங்கள் மாடலுக்கு உரிய கீயை அழுத்தினால் எதிலிருந்து பூட் ஆக வேண்டும் என்று கேட்கும். அதில் வீடியோ ஓடவிட்டு, வழக்கமாக ரீஸ்டார்ட் ஆகும் இடைவெளியைப் போல மூன்று மடங்கு நேரம் வையுங்கள். அங்கேயும் ரீஸ்டார்ட் ஆனால் விண்டோஸ், அதன் டிரைவர்கள், உள்ளே இருக்கும் டிஸ்க் ஆகியவற்றின் மேல் சந்தேகம் வெகுவாகக் குறைந்துவிடும். பயோஸ் செட்டப் திரையில் சும்மா நிற்கும்போதே ரீஸ்டார்ட் ஆகிறது என்றால் லினக்ஸ் கூட வேண்டாம். ஹார்டுவேர் என்று எழுதி வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது சோதனை மின்சாரத்துக்கு. பேட்டரியில் மட்டும் ஒரு சுற்று, அடாப்டரில் மட்டும் ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள். வெளியே தாழ்ப்பாள் உள்ள பழைய மாடல்களில் பேட்டரியைக் கழற்றுவது எளிது. உள்ளே வைத்த பேட்டரி என்றால் பின்மூடியைத் திறந்து அதன் கனெக்டரைப் பிடுங்க வேண்டும்.

பேட்டரியில் மட்டும் விழுந்து, அடாப்டரில் நன்றாக ஓடினால் பேட்டரி தேய்ந்துவிட்டது. பழைய லித்தியம் செல்லின் உள்மின்தடை ஏறியிருக்கும். சும்மா இருக்கும்போது 40 சதவீதம் காட்டும். ப்ராசசர் திடீரென்று அதிக கரண்ட் கேட்டதும் மின்னழுத்தம் சரிந்து எல்லாம் விழும். இதை உறுதிப்படுத்த பேட்டரி அறிக்கை இருக்கிறது: கமாண்ட் ப்ராம்ப்டில் பவர்சிஎஃப்ஜி என்ற கட்டளையை அடித்து, ஓர் இடைவெளி, ஒரு சாய்கோடு, பிறகு பேட்டரிரிப்போர்ட் என்ற சொல்லைச் சேர்த்து ஆங்கில எழுத்தில் கொடுங்கள். உருவாகும் பக்கத்தில் டிசைன் கெப்பாசிட்டி, ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி என இரண்டு எண்கள் இருக்கும். இரண்டாவது முதலாவதில் பாதிக்கும் கீழே இறங்கியிருந்தால் மாற்றுவதே வழி. டச்பேட் மேலெழும்பியோ பின்மூடி பிதுங்கியோ இருந்தால் சோதனை எதுவும் வேண்டாம். பேட்டரி உப்பியிருக்கிறது, அணைத்துவிட்டு, குத்தாமல் வளைக்காமல் அதை வெளியே எடுங்கள்.

அடாப்டரில் மட்டும் விழுந்தால் மூன்று இடங்கள்: அடாப்டர், அதன் கேபிள், லேப்டாப்பில் இருக்கும் சார்ஜிங் ஜாக். லேப்டாப்பை ஓடவிட்டு, செருகிய முனையை மெல்ல நான்கு பக்கமும் அசையுங்கள். சார்ஜிங் விளக்கு மினுக்கினால் ஜாக்கின் சால்டரோ உள்ளிருக்கும் வயரோ விட்டிருக்கிறது. நல்ல பேட்டரி இருக்கும்வரை இந்தப் பழுது கண்ணுக்குத் தெரியாது, ஏனென்றால் அடாப்டர் ஒரு நொடி விட்டாலும் பேட்டரி தாங்கிக்கொள்ளும். செத்த பேட்டரியோடு எப்போதும் சார்ஜரிலேயே ஓடும் லேப்டாப்களில்தான் இது ரீஸ்டார்ட்டாக வெளிப்படுகிறது. "நேற்றுவரை நன்றாக இருந்தது" என்பதற்கு அர்த்தம் பல சமயம் நேற்றுவரை பேட்டரி மூச்சுப் பிடித்திருந்தது என்பதே.

அடாப்டரின் லேபிளில் இருக்கும் வாட்டைப் பாருங்கள். 19 வோல்ட், 3.42 ஆம்பியர் என்றால் 65 வாட், 19.5 வோல்ட், 4.62 ஆம்பியர் என்றால் 90 வாட். தனி கிராஃபிக்ஸ் சிப் உள்ள, 90 வாட் கேட்கும் லேப்டாப்பை 65 வாட்டில் ஓட்டினால் சாதாரண வேலையில் ஒன்றும் தெரியாது; கேம் திறந்ததும் விழலாம். மல்டிமீட்டர் இருந்தால் முனையில் அளந்து பாருங்கள், லேபிளில் இருப்பதற்கு 5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். ஆனால் லோடு இல்லாமல் அளக்கும்போது சரியாகக் காட்டும் அடாப்டர் லோடில் சரியலாம், அதனால் சந்தேகம் இருந்தால் அதே வாட்டில் இன்னொரு அடாப்டரை இரவல் வாங்கி ஓட்டிப் பார்ப்பதே நம்பகமானது. டெல், எச்.பி. மாடல்கள் பலவற்றின் முனைக்குள் இருக்கும் மெல்லிய நடு ஊசி அடாப்டரை அடையாளம் காட்டுவதற்கு. அளக்கும்போது அதன்மேல் மீட்டர் முனை படாமல் உள்சுவரில் வையுங்கள். டைப்-சி அடாப்டர் சும்மா இருக்கும்போது பெரிய மின்னழுத்தம் தராது, மீட்டர் வைத்து அளப்பதில் பயனில்லை.

சூடு

ஐந்தாறு வருடம் ஓடிய, ஒருமுறைகூடத் திறக்காத லேப்டாப் என்றால் முதலில் பார்க்க வேண்டியது சூட்டைத்தான். எச்.டபிள்யூ.இன்ஃபோ என்ற இலவச மென்பொருளை இறக்கி, சென்சார் மட்டும் காட்டும்படி திறந்து, கீழே இருக்கும் லாக்கிங் பட்டனை அழுத்தினால் நொடிக்கணக்கில் அளவுகளை ஒரு ஃபைலில் எழுதிக்கொண்டே போகும். லேப்டாப் விழுந்து எழுந்ததும் அந்த ஃபைலின் கடைசி வரியைப் பாருங்கள். விழும்போது ப்ராசசர் எத்தனை டிகிரியில் இருந்தது என்பது அதில் இருக்கும்.

சும்மா இருக்கும்போது 40 முதல் 55 டிகிரி செல்சியஸ், கடும் வேலையில் 75 முதல் 90 வரை என்பது பழைய லேப்டாப்புக்குப் பரவாயில்லை. மொபைல் ப்ராசசர்கள் பலவற்றின் எல்லை 100 டிகிரி அல்லது அதை ஒட்டி. அதை நெருங்கும்போது ப்ராசசர் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். குறைத்தும் அடங்காவிட்டால்தான் அணையும். கடைசி வரியில் 97, 98 என்று இருந்தால் விடை கிடைத்துவிட்டது. 60 டிகிரியில் விழுந்திருந்தால் ப்ராசசர் சூடு காரணமில்லை, கீழே சொல்லும் தெர்மல் பேஸ்ட்டை மாற்றி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

சூடு என்றால் செய்ய வேண்டியவை இரண்டு: தூசி எடுப்பது, தெர்மல் பேஸ்ட் (ப்ராசசரின் சூட்டை ஹீட்சிங்க் என்ற உலோகப் பாகத்துக்குக் கடத்தும் பசை) மாற்றுவது. முதலாவதை மட்டும் அரைகுறையாகச் செய்துவிட்டு "சுத்தம் பண்ணியும் சரியாகவில்லை" என்பவர்கள் அதிகம். வெளியிலிருந்து காற்று ஊதினால் தூசி போய்விடாது. ஃபேனுக்கும் ஹீட்சிங்க்கின் மெல்லிய தகடுகளுக்கும் நடுவே பஞ்சுமெத்தை மாதிரி ஒரு படலம் உட்கார்ந்திருக்கும்; ஃபேனைக் கழற்றி, அதைக் கையால் அல்லது பிரஷ்ஷால் உரித்தெடுக்க வேண்டும். காற்று ஊதும்போது ஃபேன் இறக்கையை ஒரு குச்சியால் பிடித்துக்கொள்ளுங்கள். அளவுக்கு மீறிச் சுழன்றால் பேரிங் கெடும்.

பேஸ்ட் மாற்ற வேண்டியவை: சின்ன பிலிப்ஸ் ஸ்க்ரூடிரைவர், 90 சதவீதத்துக்கு மேற்பட்ட ஐசோப்ரொபைல் ஆல்கஹால், நூல் உதிராத துணி அல்லது காபி ஃபில்டர் பேப்பர், 1 கிராம் பேஸ்ட். ஒரு கிராம் இரண்டு மூன்று தடவைக்கு வரும். அடாப்டரைக் கழற்றி, பின்மூடியைத் திறந்ததும் முதல் வேலையாக பேட்டரி கனெக்டரைப் பிடுங்குங்கள், பிறகு பவர் பட்டனை 30 நொடி அழுத்திப் பிடித்து மிச்ச மின்சாரத்தை இறக்குங்கள். ஸ்க்ரூக்கள் ஒரே நீளமாக இருக்காது. ஒரு தாளில் லேப்டாப்பின் படம் வரைந்து, எடுத்த இடத்திலேயே குத்தி வையுங்கள். நீளமான ஸ்க்ரூவைக் குட்டையானதன் இடத்தில் முறுக்கினால் போர்டையே துளைக்கும்.

ஹீட்சிங்க்கின் ஸ்க்ரூக்களுக்குப் பக்கத்தில் 1, 2, 3, 4 என்று எண் அச்சிட்டிருக்கும். கழற்றும்போது பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணுக்கும், மாட்டும்போது சின்னதிலிருந்து பெரியதுக்கும் போக வேண்டும். அதுவும் ஒரேயடியாக இறுக்காமல், ஒவ்வொன்றையும் பாதி பாதியாக. லேப்டாப் ப்ராசசரின் மேல் பாதுகாப்பு மூடி இருக்காது. ஒரு பக்கம் மட்டும் அழுந்தினால் சிலிக்கனின் ஓரம் உடையும். ஹீட்சிங்க் வர மறுத்தால் நெம்பாதீர்கள், இடமும் வலமுமாக மெல்லத் திருகினால் காய்ந்த பேஸ்ட் விட்டுக்கொடுக்கும். பழைய பேஸ்ட்டை ஆல்கஹால் தொட்ட துணியால் இரண்டு பக்கமும் கண்ணாடிபோல் துடைத்து, ஓர் அரிசி அளவு புதிய பேஸ்ட்டை நடுவில் வைத்து, சிலிக்கன் முழுவதும் மெல்லிய படலமாக இழுத்துவிடுங்கள். அதிகம் வைத்தால் நன்மை இல்லை. கிராஃபிக்ஸ் சிப் தனியாக இருந்தால் அதற்கும் செய்ய வேண்டும்.

பக்கத்தில் சின்னச் சின்ன சிப்களின் மேல் ரப்பர்போல் இருப்பவை தெர்மல் பேடுகள். அங்கே பேஸ்ட் வைத்தால் இடைவெளி நிரம்பாது. கிழிந்திருந்தால் அதே தடிமனில் பேடு வாங்கிப் போடுங்கள்: 0.5, 1, 1.5 மில்லிமீட்டர் என்று கிடைக்கும். தடிமன் கூடினால் ஹீட்சிங்க் தூக்கிக்கொண்டு ப்ராசசரைத் தொடாமல் நிற்கும். பேஸ்ட் மாற்றிய பிறகு முன்னைவிடச் சூடு கூடியது என்று வரும் புகார்களில் இது உண்டு. ஃபேனின் சின்ன கனெக்டரை மறுபடி செருகினோமா என்று மூடும்முன் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

ரேம்

பேட்டரியைத் துண்டித்த நிலையிலேயே ரேமையும் பார்த்துவிடலாம். இரு பக்கக் கவ்விகளை விலக்கினால் ரேம் சாய்வாக எழும்பும். தங்க நிறத் தொடுபுள்ளிகளை ஆல்கஹாலால் துடையுங்கள். அழிரப்பரால் தேய்ப்பது பரவலான பழக்கம். வேலையும் செய்யும், ஆனால் பூச்சைத் தேய்த்து, துகள்களை ஸ்லாட்டுக்குள் விடும். மாட்டும்போது சுமார் 30 டிகிரி சாய்வில் முழுதாக உள்ளே தள்ளி, பிறகு கீழே அழுத்தினால் கவ்விகள் "டக்" என்று பிடிக்கும். தொடுபுள்ளிகள் வெளியே நிறையத் தெரிந்தால் சரியாக உட்காரவில்லை.

சோதிக்க மெம்டெஸ்ட்86 அல்லது மெம்டெஸ்ட்86 ப்ளஸ்ஸை பென் டிரைவில் ஏற்றி, இரவு முழுக்க ஓடவிடுங்கள். குறைந்தது நான்கு சுற்று. விண்டோஸோடு வரும் மெமரி டயக்னாஸ்டிக் வேகமானது, ஆனால் சின்னப் பிழைகளைத் தவறவிடும். ஒரே ஒரு பிழை வந்தாலும் தோல்விதான், "ஒன்றுதானே" என்று விட முடியாது. பிழை வந்தால் பழுது ரேமிலா ஸ்லாட்டிலா என்று பிரிக்க வேண்டும். இரண்டு ரேம், இரண்டு ஸ்லாட் என்றால் ஒரு நேரத்தில் ஒரு ரேம் மட்டும் மாட்டி, நான்கு சேர்க்கைகளையும் ஓட்டுங்கள். பிழை ரேமைப் பின்தொடர்ந்தால் ரேம்; ஸ்லாட்டிலேயே தங்கினால் ஸ்லாட் அல்லது போர்டு. புதிது வாங்கும்போது டிடிஆர்3-க்கும் டிடிஆர்3எல்-க்கும் உள்ள வித்தியாசத்தைக் கவனியுங்கள். முன்னது 1.5 வோல்ட், பின்னது 1.35. குறைந்த மின்னழுத்தத்தை மட்டும் தரும் லேப்டாப்பில் 1.5 வோல்ட் ரேம் ஓடாது, அல்லது தடுமாறி ஓடும். வேறு வேறு வேக ரேம்களைக் கலந்து போட்ட நாளிலிருந்து தொல்லை தொடங்கியிருந்தால் விடை உங்கள் கையிலேயே இருக்கிறது.

டிஸ்க்கும் டிரைவரும்

கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில் ஹார்டு டிஸ்க்கின் ஸ்மார்ட் விவரங்களை (டிஸ்க் தன் நிலையைப் பற்றித் தானே வைக்கும் கணக்கு) பாருங்கள். ரீஅலொகேட்டட் செக்டர், கரன்ட் பெண்டிங் செக்டர் ஆகியவற்றின் எண் ஏறிக்கொண்டே போனால் டிஸ்க்கை மாற்றுங்கள். சிஆர்சி எரர் (தகவல் போகும் வழியில் வரும் பிழை) மட்டும் ஏறினால் கேபிளோ கனெக்டரோ. கழற்றிச் செருகினாலே பல சமயம் நிற்கும்.

டிரைவர் என்று லாக் சொன்னால், ரீஸ்டார்ட் எந்தத் தேதியில் தொடங்கியது என்று பார்த்து, அதற்கு முன் எந்த அப்டேட் வந்தது என்பதோடு ஒப்பிடுங்கள். ரிலையபிலிட்டி மானிட்டர் இரண்டையும் ஒரே காலண்டரில் காட்டும். டிவைஸ் மேனேஜரில் அந்த டிரைவருக்கு "ரோல் பேக்" கிடைத்தால் அதையே முதலில் அழுத்துங்கள். நீலத் திரைப் பதிவுகளைப் படிக்கும் ப்ளூஸ்கிரீன்வியூ போன்ற கருவிகள் விண்டோஸ் கெர்னலின் ஃபைலையே குற்றவாளியாகக் காட்டினால் நம்பிவிட வேண்டாம். பிழை வெடித்த இடம் அது, தொடங்கிய இடம் வேறாக இருக்கலாம். அத்தியாவசிய டிரைவர்களை மட்டும் ஏற்றும் சேஃப் மோடில் நிற்காமல் ஓடுகிறது என்பதும் டிரைவரை நிரூபிக்காது, அங்கே கிராஃபிக்ஸ் சிப் பெரிதாக வேலையே செய்வதில்லை.

மதர்போர்டு என்று ஆகிவிட்டால்

பக்செக்கோட் 0, லினக்ஸிலும் விழுகிறது, பேட்டரி, அடாப்டர் எதில் ஓடினாலும் விழுகிறது, சூடு இல்லை, ரேம் சுத்தம். மிஞ்சுவது போர்டு. கையை வைக்கும் இடத்தில் லேசாக அழுத்தும்போதோ, ஒரு மூலையைத் தூக்கும்போதோ விழுந்தால் போர்டில் சால்டர் விரிசல், அல்லது எப்போதோ கழன்ற ஸ்க்ரூ ஒன்று உள்ளே உருண்டு ஷார்ட் செய்கிறது. ஸ்க்ரூவைத் தேடுவது இலவசம், அதை முதலில் செய்யுங்கள். திரையை அசைக்கும்போது மட்டும் விழுந்தால் கீலுக்குள் போகும் கேபிளின் மேலுறை கிழிந்திருக்கிறதா என்று பாருங்கள். வெள்ளையோ பச்சையோ பூத்திருந்தால் ஈரம் பட்ட இடம். ஆல்கஹாலும் மென்மையான டூத்பிரஷ்ஷும் போதும், சேதம் ஆழமில்லை என்றால்.

ப்ராசசருக்கு மின்சாரம் தரும் பகுதியில் மாஸ்ஃபெட், கெப்பாசிட்டர் போன்ற சின்னப் பாகங்கள் தேய்ந்திருப்பதைக் கண்டுபிடிக்க சர்க்யூட் வரைபடமும் அனுபவமும் வேண்டும். அது சிப் லெவல் டெக்னீஷியனின் வேலை. அவரிடம் கொடுக்கும்போது "ரீஸ்டார்ட் ஆகிறது" என்று மட்டும் சொல்லாமல், மேலே செய்த சோதனைகளின் முடிவுகளை எழுதிக் கொடுங்கள். கிராஃபிக்ஸ் சிப்பைச் சூடுகாட்டி "ரீஃப்ளோ" செய்து தருகிறேன் என்றால் யோசியுங்கள். பழுது பெரும்பாலும் சிப்பின் உள்ளேயே இருப்பதால், சூட்டில் ஒட்டிய தொடர்பு கொஞ்ச காலத்தில் மறுபடி விட்டுவிடும்.

செலவழிக்க மனமில்லாத பழைய லேப்டாப்புக்கு ஒரு தற்காலிக வழி இருக்கிறது. பவர் ஆப்ஷன்ஸில் உங்கள் திட்டத்தின் அட்வான்ஸ்டு செட்டிங்ஸ் திறந்து, ப்ராசசர் பவர் மேனேஜ்மென்ட் கீழே "மேக்ஸிமம் ப்ராசசர் ஸ்டேட்" என்பதை 100-லிருந்து 99 ஆக்குங்கள். டர்போ வேகம் (ப்ராசசர் தேவைப்படும்போது எடுக்கும் கூடுதல் வேகம்) நின்றுவிடும். ப்ராசசர் திடீரென்று இழுக்கும் கரண்ட்டும் சூடும் குறையும். இதோடு ரீஸ்டார்ட் நின்றால் பழுது மின்சாரம் அல்லது சூட்டின் பக்கம் என்பதும் உறுதியாகிறது. டைப் அடிக்கவும் வீடியோ பார்க்கவும் அந்த வேகம் போதும். சில மாடல்களில் இந்த வரியே காட்டாது. அங்கே பயோஸில் டர்போவை அணைக்க வழி இருக்கிறதா என்று பாருங்கள்.

எந்த மாற்றம் செய்தாலும் ஒரு நேரத்தில் ஒன்று மட்டும் செய்து காத்திருங்கள். பேஸ்ட், ரேம், டிரைவர் மூன்றையும் ஒரே மாலையில் மாற்றிவிட்டு லேப்டாப் சரியாகிவிட்டால், எது தீர்த்தது என்று தெரியாது; அடுத்த வாரம் திரும்ப வந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். எவ்வளவு நாள் காத்திருப்பது என்பது பழைய இடைவெளியைப் பொறுத்தது. தினமும் விழுந்துகொண்டிருந்தது மூன்று நாள் நின்றால் நம்பலாம். வாரம் ஒருமுறை விழுந்தது என்றால் மூன்று வாரம். அதுவரை அந்த லேப்டாப்பில் முக்கியமான வேலை எதையும் சேமிக்காமல் வைத்திருக்க வேண்டாம், ஆட்டோசேவ் இடைவெளியையும் ஒரு நிமிடமாக்கிவிடுங்கள்.